இறங்குசில்லுகளும் ‘விமானியின் தவறும்’: சில குறிப்புகள்

தரையிறங்க வரும் விமானமொன்று எப்பொழுது தன் சில்லுகளை வெளியே நீட்டுகின்றது, ஏன் அவ்வேளையைத் தேர்ந்துகொள்கின்றது என்பது முற்றிலும் பொறியியல் சார்ந்த வினாவாகவே தோன்றும். ஆயின் அதன் வரலாற்றைச் சற்று ஆழ்ந்து நோக்குமிடத்து, உழைப்பவனுக்கும் அவன் கையாளும் கருவிக்குமுள்ள உறவு பற்றிய முக்கியமான பிரச்சினையொன்று அங்கு பொதிந்திருத்தலைக் காணலாம்.

தொடக்ககால விமானங்களைப் பொறுத்தவரையில் இவ்வினாவுக்கே இடமிருக்கவில்லை. அவற்றின் சில்லுகள் உடலோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தன. வேகம் இருமடங்காகும்போது காற்றுத்தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். எனவே விமானங்கள் விரைவுபெற்றபோது வெளியே தொங்கும் சில்லுகள் பெருஞ்சுமையாயின. 1930களில் உள்ளிழுக்கப்படும் சில்லுகள் பயணிகள் விமானங்களிற் பரவலாயின. 1935இல் முதன்முதற் பறந்த டக்ளஸ் டீசீ-3 இவ்வகையைச் சேர்ந்தது. 1947 டிசெம்பரில் எயர் சிலோன் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குச் சேவை தொடங்கியதும் இவ்விமானத்தைக் கொண்டேயாம். சில்லை உள்ளிழுக்க முடிந்ததும், அதனை வெளியே நீட்ட மறப்பதும் சாத்தியமாயிற்று.

இன்றைய ஜெற் விமானம் ஏறத்தாழ 3 பாகைச் சரிவில் ஓடுபாதையை நோக்கி இறங்குகின்றது. பெரும்பாலும் ஓடுபாதைக்கு 5 முதல் 8 கடல் மைல் தொலைவில், நிலத்திலிருந்து சுமார் 2000 அடி உயரத்தில், சில்லுகள் இறக்கப்படுகின்றன. அதற்கு வெகுமுன்னரே இறக்கினால் அதிகரித்த காற்றுத்தடையை ஈடுசெய்ய எஞ்சின்கள் கூடுதலாக உழைக்க வேண்டும், எரிபொருள் விரயமாகும், கீழே வாழும் மக்களுக்கு இரைச்சலும் மிகும். குறித்ததோர் உச்ச வேகத்துக்கு மேல் சில்லுகளை இறக்குவதும் ஆகாது. மிகப் பிந்தினாலோ ஆபத்து வேறுவிதமானது. சில்லுகள் முழுமையாக வெளிவந்து பூட்டிக்கொள்ளச் சிறிது நேரம் வேண்டும். அதனை உறுதிசெய்யும் பச்சை விளக்குகள் எரிகின்றனவா எனப் பார்க்க வேண்டும். எரியாதவிடத்து மாற்று வழியில், சில்லுகளைத் தம் பாரத்தினாலேயே விழச்செய்து பார்க்க அவகாசம் வேண்டும். முகிலினூடாக இறங்கும்போது 1000 அடிக்குள்ளும், தெளிந்த வானில் 500 அடிக்குள்ளும் வேகம், சில்லு, இறக்கை மடல் யாவும் ஒழுங்காகிவிட வேண்டுமென்பதும், அன்றேல் மீள மேலெழுந்துவிட வேண்டுமென்பதும் பரவலாகக் கைக்கொள்ளப்படும் விதியாகும். சில்லு இறக்கும் வேளை இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்டதாய் அமைகின்றது.

இரண்டாம் உலக யுத்தகாலத்தில் அமெரிக்க விமானப்படையைக் குழப்பிய விபத்துகளை இப்பின்னணியில் நோக்குதல் தகும். பீ-17 போன்ற விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பின்னர், இறக்கை மடல்களை உள்ளிழுப்பதற்குப் பதிலாக விமானிகள் சில்லுகளை உள்ளிழுத்துவிட்டனர்; விமானம் வயிறு தரையில் உராயச் சரிந்தது. இவை ‘விமானியின் தவறு’ எனப் பதியப்பட்டன. ஒகாயோ மாநிலத்து றைற் தளத்திற் பணியாற்றிய இளம் உளவியலாளர் அல்போன்ஸ் சப்பானிஸ், விமானியின் மனத்தை ஆராய்வதை விடுத்து அவன் அமர்ந்திருந்த அறையை ஆராய்ந்தார். சில்லுக்கும் மடலுக்குமான ஆளிகள் ஒரே வடிவில் அருகருகே இருந்தன. டீசீ-3இன் இராணுவ வடிவமான சீ-47இல் அவை வேறுபட்ட முறையில் அமைந்திருந்தன. அங்கு இத்தவறு நிகழவில்லை. சில்லுக்கான பிடியிற் சிறிய றப்பர்ச் சில்லொன்றையும் மடலுக்கான பிடியில் ஆப்பு வடிவொன்றையும் பொருத்தியதும் இவ்வகை விபத்துகள் ஓய்ந்தன. சில்லுப் பிடி சில்லு வடிவில் இருத்தல் வேண்டுமென்பது பின்னர் பயணிகள் விமானங்களுக்கும் விதியாயிற்று.

மொழியைத் தொழிலாகக் கொண்ட எமக்கு இங்கு ‘இன்’ என்னும் ஆறாம் வேற்றுமை உருபு கவனத்துக்குரியது. இருக்கையும் ஆளியும் விமானமும் வேலைநேர அட்டவணையும் விமானிக்கு உரியன அல்ல. தவறு மாத்திரம் அவனுடைய உடைமையாக்கப்படுகின்றது. ஆலையில் விரலிழந்த தொழிலாளியைக் ‘கவனமற்றவன்’ எனக் குறிப்பேட்டில் எழுதும் கருத்துநிலையும் இதுவே. சப்பானிஸின் பணியை மனிதாபிமானத்தின் வெற்றியாக மட்டும் கொள்ளுதலும் பொருந்தாது. போரிலீடுபட்ட அரசுக்கு விமானமும் பயிற்சிபெற்ற விமானியும் எளிதில் ஈடுசெய்ய முடியாதவை. ஆராய்ச்சிக்கு அத்தேவையே களம் அமைத்தது.

எனினும், தனிமனிதப் பொறுப்பை முற்றாக மறுத்தல் கொச்சை இயங்கியலாகவே முடியும். 2020 மே 22ஆந் திகதி லாகூரிலிருந்து கராச்சிக்கு வந்த பாகிஸ்தான் சர்வதேச விமானசேவையின் எயர்பஸ் ஏ-320 விமானம் அளவுக்கு மீறிய உயரத்திலும் வேகத்திலும் ஓடுபாதையை நெருங்கியது. முன்கூட்டியே இறக்கப்பட்டிருந்த சில்லுகள், ஓடுபாதைக்கு ஏறத்தாழ 5 கடல் மைல் இருக்கையில் மீண்டும் மேலிழுக்கப்பட்டன. எச்சரிக்கை ஒலிகள் எழுந்தும் விமானிகள் இறக்கத்தைக் கைவிடவில்லை. எஞ்சின்கள் ஓடுபாதையில் உராய்ந்தன. மீள மேலெழுந்த சிறிது நேரத்தில் இரண்டும் செயலிழந்தன. விமானத்திலிருந்த 99 பேரில் 97 பேர் மாண்டனர். விமானிகளின் கவனயீனம் இங்கு ஐயத்துக்கிடமற்றது. ஆயினும் அவ்விசாரணையின் முதல் அறிக்கை வேறொன்றையும் பதிவுசெய்துள்ளது: எஞ்சின்கள் ஓடுபாதையில் உராய்ந்ததைக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்தோர் கண்டனர், தொலைபேசி மூலம் அணுகுகைக் கட்டுப்பாட்டு நிலையத்துக்கும் தெரிவித்தனர். அங்கிருந்து விமானிகளுக்கு அது சொல்லப்படவேயில்லை.