பிக்கப் இல்லாத பிக்கப்!

செஞ்சி என்றதும் தேசிங்கு ராஜன் நினைவுக்கு வருவான். அவன் வந்தால் அவனுடைய குதிரையும் கூடவே வந்து விடும். டில்லி பாதுஷாவிடம் யாருக்கும் அடங்காமல் நின்ற குதிரையை அடக்கி ஏறினான் என்று கதைப் பாடல் சொல்கிறது. சரித்திரத்தில் அவன் பெயர் தேஜ் சிங். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து 1714-ஆம் ஆண்டு போர்க்களத்தில் மாண்டவன். ஒரே ஒரு குதிரையை வைத்துக் கொண்டு அவன் பறந்த சீமை அது. இன்று அதே சீமையில், திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகும் சாலையில், அறுபது குதிரைகளின் சக்தியை வயிற்றுக்குள் வைத்திருக்கும் பழைய ஜீப் ஒன்று, கரும்பு ஏற்றிய டிராக்டரைத் தாண்ட முடியாமல் அதன் வாலைப் பிடித்துக் கொண்டே போனால், தேசிங்கு சிரிக்க மாட்டானா?

யார் வீட்டு ஜீப் என்று கேட்கிறீர்களா? உங்கள் வீட்டு ஜீப்பாகவே இருக்கலாம். வீட்டுக்காரரோ, தம்பியோ, கல்லூரி முடித்த பிள்ளையோ, நாலு சக்கரமும் இழுக்கிற பழைய பிக்கப் வண்டி ஒன்றை ஆசையாக வாங்கி வந்து வாசலில் நிறுத்துகிறார். அது கிடக்கிற கிடையில் கிடந்தால் தேவலை. வில்லுக்கு மேல் வில் வைத்து வண்டியைத் தூக்குகிறார்கள். யானைக் கால் போல டயர் மாட்டுகிறார்கள். பார்த்தால் கம்பீரமாகத்தான் இருக்கிறது. புடவை கட்டியவர்கள் ஏறுவதற்கு ஒரு முக்காலி வேண்டும் என்பதைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது. ஒரு மாதம் கழித்துத்தான் அந்தப் பேச்சு வரும்: "வண்டிக்குப் பிக்கப் இல்லை. என்ஜினையே மாற்றி விடலாமா என்று பார்க்கிறேன்."

சேமிப்பிலிருந்து அந்தப் பணத்தை எடுப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். பெரும்பாலும் என்ஜின் ஒரு பாவமும் அறியாது. குற்றவாளி வெளியே, எல்லோர் கண்ணிலும் படும்படி, கறுப்பாக, வட்டமாக நின்று கொண்டிருக்கிறான்.

"மெதுவாகப் போனால் என்ன, பத்திரம்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுவில் தடுப்பில்லாத சாலை. முன்னால் ஒரு லாரி மணிக்கு 50 கிலோமீட்டரில் போகிறது. நீங்கள் 60-ல் அதைத் தாண்டுகிறீர்கள். பின்னாலிருந்து விலகி, முன்னால் போய், மறுபடி இடப்பக்கம் ஒதுங்குவதற்கு லாரியை விட 50 மீட்டராவது அதிகம் ஓட வேண்டும். அதற்கு 18 விநாடி ஆகிறது. அதற்குள் உங்கள் வண்டி 300 மீட்டர் போயிருக்கும். எதிரே ஒரு பஸ் அதே 60-ல் வந்தால் அதுவும் 300 மீட்டர் வந்திருக்கும். ஆக, 600 மீட்டர் சாலை காலியாக இருக்க வேண்டும்! வண்டி 70-ல் தாண்டக் கூடியதாக இருந்தால் 9 விநாடி போதும். 325 மீட்டர் போதும். தாண்டுவதற்கு அந்த வேகம் எட்டாத வண்டி லாரிக்குப் பின்னாலேயே போவதுதான் உத்தமம். ஆனால் பொறுமை இழந்த மனிதர் ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறாரே, அவரல்லவா ஆபத்து!

சரி, டயர் எப்படிக் குற்றவாளி ஆயிற்று?

உங்கள் வீட்டுக் கதவு ஒன்றைக் கீல் பக்கத்தில் கை வைத்துத் தள்ளிப் பாருங்கள். எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது! கதவு அகலமாக அகலமாக இன்னும் சிரமம். என்ஜினின் நிலைமை இதுவேதான். அது முறுக்குவது சக்கரத்தின் நடு அச்சை. வண்டியைத் தள்ள வேண்டியதோ சக்கரத்தின் விளிம்பு, தரையில். விளிம்பை எவ்வளவு தூரம் தள்ளி வைக்கிறோமோ அவ்வளவுக்கு அதே முறுக்கு தரையில் வலுவிழந்து போகிறது.

ஜீப்பை முதலில் செய்தவர்கள் இதை அறியாதவர்களா? 1941-ல் அமெரிக்காவின் டொலீடோ நகரத்து வில்லிஸ் கம்பெனி யுத்தத்துக்காகச் செய்த ஜீப்பில் 2.2 லிட்டர் என்ஜின், 60 குதிரைச் சக்தி. சக்கரம் ஏறக்குறைய 28 அங்குல உயரம். யுத்தம் முடிந்து சமாதான காலத்துக்கென்று வந்த ஜீப்புகளுக்கும் அதே அளவுதான். (நம் நாட்டில் ஜீப்பைக் கொண்டு வந்த கம்பெனி 1945-ல் லூதியானாவில் மஹிந்திரா அண்டு முகம்மது என்ற பெயரில் பிறந்தது. பங்காளியான குலாம் முகம்மது பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதி மந்திரியாகிக் கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். 1948-ல் கம்பெனி மஹிந்திரா அண்டு மஹிந்திரா ஆயிற்று. அது தனிக் கதை.)

அந்தச் சமாதான கால ஜீப்பின் ஆக்ஸிலுக்குள் கிரௌன், பினியன் என்று இரண்டு பல் சக்கரங்கள் இருக்கின்றன. சின்னதற்கு 8 பல், பெரியதற்கு 43. அதாவது நீளத் தண்டு ஐந்தரைச் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் 88 அங்குலம் ஓடும். அதை எடுத்து விட்டு 31 அங்குலத்தை மாட்டினால் 97 அங்குலம். "ஆகா, ஒரு சுற்றுக்கு 9 அங்குலம் லாபம்!" என்று தோன்றும். லாபம் சும்மா வருமா? தரையில் கிடைக்கும் தள்ளு பத்தில் ஒரு பங்கு குறைந்து போகிறது. எந்தக் கியரில் போனாலும் அரைக் கியர் தூக்கலாகப் போட்ட மாதிரிதான். குதிரைகள் அறுபதும் லாயத்திலேயே இருக்கின்றன. வண்டியில் பூட்டிய விதம்தான் சரியில்லை.

இதோடு போயிற்றா? பெரிய டயர் கனமும் அதிகம். அந்தக் கனம் முழுவதும் விளிம்பில். கால் மிதித் தையல் மெஷினில் தைத்தவர்களுக்கு இது தெரியும். ஓட ஆரம்பித்து விட்டால் சக்கரம் தானாக ஓடும். முதலில் கிளப்புவதற்குத்தான் கையால் ஒரு தள்ளுத் தள்ள வேண்டும். ஜீப்பில் நாலு சக்கரத்தையும் ஒவ்வொரு தடவையும் அப்படிக் கிளப்பியாக வேண்டும். போதாததற்கு இரும்புப் பம்பர், கூரைக் கூடை, அதில் ஓர் உபரிச் சக்கரம். ஜீப்பே சுமார் ஒரு டன்தான். அதன் மேல் 100 கிலோ அலங்காரம் என்றால் இன்னொரு பத்தில் ஒரு பங்கு போயிற்று. உயரத் தூக்கிய வண்டி காற்றையும் அதிகமாக முட்டுகிறது. வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நாலு மடங்கு.

இத்தனையும் எதற்காக? செஞ்சிக் கோட்டைக்குப் போவதற்காக என்றால் வீண். ராஜகிரி உச்சிக்கு எந்த ஜீப்பும் ஏறாது. படியேறித்தான் போக வேண்டும். சுற்றுக் கிராமங்களில் பாறையும் ஏரிக்கரையும் உள்ள தடங்களில் தினமும் மூட்டை ஏற்றுகிறவருக்கு உயரம் தேவைப்படலாம். மாம்பலத்துக்கும் மயிலாப்பூருக்கும் தேவையா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

இனி வைத்தியம். காசில்லாத வைத்தியத்தை முதலில் செய்து விடுங்கள்.

ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி, அதிகம் பிரேக் போடாமல் நிறுத்தி, தோசைக்கல் காய்ந்து விட்டதா என்று பார்ப்பது போல ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக் கொண்டிருக்கிறது. பிரேக்கை இழுத்துக் கொண்டு ஓடுகிற வண்டிக்குப் புது என்ஜின் போட்டு என்ன பயன்? அடுத்தது, என்ஜினை நிறுத்தி விட்டு ஒருவர் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கட்டும். மற்றவர் பானெட்டைத் திறந்து பார்க்கட்டும். பெட்ரோல் வண்டியானால் கார்புரேட்டரின் கதவு முழுக்கத் திறக்க வேண்டும்; டீசலானால் பம்பின் கை கடைசி வரை போக வேண்டும். பழைய வண்டிகளில் கம்பி தளர்ந்து முக்கால்வாசியோடு நின்று விடுவது சகஜம். காற்று வடிகட்டி, எண்ணெய் வடிகட்டி, டயரில் காற்று, இவற்றைச் சொல்லவே வேண்டாம். மிதித்தால் சத்தம் மட்டும் ஏறி வண்டி நகராவிட்டால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. முன் சக்கரங்களுக்கும் இழுவை கொடுக்கும் நெம்புகோலைத் தார்ச் சாலையில் போட்டே வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். சேற்றுக்கும் மணலுக்கும் உள்ளது அது. தார் ரோட்டில் முன்னும் பின்னும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தால், கூரைக் கூடையை இறக்குங்கள். பிறகு பழைய அளவு டயர். பரணில் பழைய சக்கரங்கள் இருந்தால் செலவே இல்லை. என் அபிப்பிராயத்தில் பழைய ஜீப்புக்கு இதை விடச் சிறந்த மருந்து கிடையாது. எட்டுக்கு நாற்பத்து மூன்று என்பது ஏற்கெனவே மிகவும் தாழ்ந்த கணக்கு. அதற்கும் கீழே தேடினால் எளிதில் அகப்படாது.

ஆனால் உங்கள் வண்டிக்குள் அந்த 43 பல்தான் இருக்கிறதா? வேகத்துக்காக முன்பு யாராவது மாற்றியிருக்கலாம். பிற்காலத்து டீசல் பிக்கப்புகளில் கணக்கே வேறாக இருக்கும். கண்டுபிடிப்பது சுலபம். மெக்கானிக்கை வைத்து, முன் சக்கரங்களுக்கு அணை கொடுத்து, பின் சக்கரம் இரண்டையும் தூக்கி உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்தச் சொல்லுங்கள். வெறும் ஜாக்கியை நம்பக் கூடாது. கியர் நியூட்ரலில் இருக்கட்டும். நீளத் தண்டில் கோல மாவால் ஒரு கோடு, டயரில் ஒரு கோடு. இரண்டு பேர் இரண்டு சக்கரத்தையும் சேர்ந்தாற்போல் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற, தண்டு எத்தனை தடவை சுற்றுகிறது என்று எண்ணிக் கொள்ள வேண்டியதுதான். ஐந்துக்கு மேல் வந்தால் டயரை மாற்றுங்கள். நாலுக்குப் பக்கத்தில் வந்து, பெரிய டயர் கட்டாயம் வேண்டும் என்று பிடிவாதமும் இருந்தால், அப்போது கிரௌன் பினியனை மாற்றுவது பொருந்தும். முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் ஒரே கணக்கில் மாற்ற வேண்டும் என்பதை மறந்து விடாதீர்கள். பின்னுக்கு மட்டும் மாற்றி விட்டுப் பணம் மிச்சம் என்று நினைத்தால், முன் இழுவையைப் போட்ட நாளில் இரண்டும் சண்டை போட்டுப் பல்லை உடைத்துக் கொள்ளும். ஆகவே கூலியும் சாமானும் இரட்டிப்பு. விலை கேட்கும்போதே "இரண்டு ஆக்ஸிலுக்கும் சேர்த்துத்தானே?" என்று கேட்டு விடுங்கள்.

டீசல் பம்பில் எண்ணெய் அளவைக் கூட்டி விடுகிறேன் என்று ஒருவர் வருவார். கறுப்புப் புகை கிளம்பும்; என்ஜின் கொதிக்கும். சைலன்சரைக் கழற்றினால் பறக்கும் என்று இன்னொருவர் சொல்வார். சத்தம் பறக்கும். வேறு என்ஜின் வைப்பதற்கு 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது. கம்பெனி செய்து கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொல்லி விட்டது. தூக்கிய வில்லுக்கும் பெரிய டயருக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். எதைத் தொடுவதற்கு முன்பும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக் கொள்வது நல்லது. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். இன்னொன்று: பெரிய சக்கரம் என்ஜினுக்கு எப்படிப் பாரமோ, பிரேக்குக்கும் அப்படியே பாரம். உயர்ந்த வண்டி திருப்பத்தில் சாயவும் செய்யும்.

வீட்டுக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு சேதி. பெரிய டயர் போட்டதிலிருந்து மீட்டர் பொய் சொல்லிக் கொண்டிருக்கும். 60 என்று முள் காட்டினால் உண்மையில் 66. 100 கிலோமீட்டர் என்று காட்டினால் ஓடியது 110. அந்த மாதங்களின் எண்ணெய்க் கணக்கைத் திருத்திப் பார்த்தால், நினைத்த அளவுக்கு வண்டி எண்ணெய் குடிக்கவில்லை என்பது தெரியும். பழைய டயருக்குத் திரும்பியதும் மீட்டர் தானே யோக்கியமாகி விடும். கிரௌன் பினியன் மாற்றியிருந்தால் அந்த மீட்டரையும் மெக்கானிக்கிடம் சரி செய்து வாங்குங்கள். புதுப் பற்கள் ஒன்றோடொன்று பழகுவதற்கு முதல் சில நூறு கிலோமீட்டர் பாரம் ஏற்றாமல், விரட்டாமல் ஓட்டி, பிறகு ஆக்ஸில் எண்ணெயை மாற்ற வேண்டும். அது வரைக்கும் திருவண்ணாமலை பஸ்ஸோடு பந்தயம் வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.