விட்டுப்போன பதக்கங்கள்

ஐரோப்பாவில் இரண்டாவது உலக மகாயுத்தம் 1945ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிந்ததும், அங்கிருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் பலர் துப்பாக்கியை ஓரமாகச் சாத்திவிட்டுக் கூட்டல் கணக்குப் போட உட்கார்ந்தார்கள். யார் முதலில் வீடு திரும்புவது என்பதை நிர்ணயிக்க யுத்த இலாகா ஒரு மதிப்பெண் முறையை வகுத்திருந்தது. சேவையில் கழித்த ஒவ்வொரு மாதத்துக்கும் 1, கடல் கடந்து கழித்த ஒவ்வொரு மாதத்துக்கும் மேலும் 1, பதினெட்டு வயது நிரம்பாத குழந்தைக்கு 12 வீதம் மூன்று குழந்தைகள் வரை, வீரத்துக்கோ காயத்துக்கோ பெற்ற பதக்கம் ஒவ்வொன்றுக்கும் 5, கலந்துகொண்ட பெரும்போர் ஒவ்வொன்றுக்கும் 5 என்று எண்ணிக் கூட்டி, 85 தேறியவன் கப்பலுக்குக் காத்திருக்கலாம். தேறாதவன் ஜப்பானோடு இன்னும் நடந்துகொண்டிருந்த யுத்தத்துக்கு அனுப்பப்பட்டாலும் ஆச்சரியமில்லை. ஆகவே, கம்பெனி என்ற படைப்பிரிவின் குமாஸ்தாவுடைய ஏட்டில் ஒரு வரி விட்டுப்போவது என்பது அன்றைய தினம் சிப்பாயின் உயிரையே தொடக்கூடிய விஷயமாக இருந்தது.

ஊர் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் கணக்கை யாரும் நினைக்கவில்லை. விவசாயம், தொழிற்சாலை, கல்யாணம், குழந்தைகள் என்று வாழ்க்கை இழுத்த இழுப்புக்குப் போன அந்த மனிதர்கள், விடுதலைப் பத்திரத்தை ஒரு பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, நாற்பது ஐம்பது வருஷங்களுக்குப் பின் பேரப்பிள்ளைகள் கேட்டபோதுதான் அதை வெளியில் எடுத்துப் படித்தார்கள். தாங்கள் காயம்பட்டது உண்மை, ஆஸ்பத்திரியில் கிடந்தது உண்மை, ஆனால் பத்திரத்தில் பதக்கங்களுக்குரிய கட்டம் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதை அப்போதுதான் பலர் கண்டார்கள். பல தலைமுறையாக உழுது பயிரிட்ட நிலத்துக்குப் பட்டாவில் தன் பெயரைக் காணாத குடியானவனின் நிலைமைதான் அது: அனுபவம் அவனுடையது, ஆனால் சர்க்காரின் காகிதம் அதை அறியாது. அந்தக் காகிதத்தைத் திருத்துவதற்கு அமெரிக்காவில் இருக்கும் வழிகளும், அந்த வழிகளில் கிடக்கும் முட்களுமே இக்கட்டுரையின் விஷயம்.

ஒருவர் ராணுவத்தை விட்டு விலகும்போது அவருடைய சேவையைச் சுருக்கிச் சொல்லும் பத்திரம் ஒன்று தரப்படுகிறது. 1950 முதல் இதற்கு டி.டி. 214 என்று பெயர். முன்னாள் சிப்பாய்கள் பேச்சு வழக்கில் வெறும் '214' என்பார்கள். அதற்கு முந்தைய தலைமுறைக்கு வேறு படிவம். எதுவானாலும், பெயர், சேவை எண், சேர்ந்த தேதி, விலகிய தேதி இவற்றோடு பதக்கங்களின் ஜாபிதாவும் அதில் இருக்கும். வேலைக்கும், வைத்தியத்துக்கும், கடனுக்கும், கடைசியில் சர்க்கார் செலவில் நாட்டப்படும் கல்லறைக் கல்லுக்கும் இந்த ஒரே தாள்தான் சாட்சி.

பதக்கம் விட்டுப்போவதற்குக் குமாஸ்தாவின் அஜாக்கிரதை ஒன்றே காரணமென்று எண்ணிவிடக் கூடாது. அவசரமாகக் கலைக்கப்பட்ட சேனையில் நாளொன்றுக்குக் கணக்கற்ற பத்திரங்களைத் தட்டச்சு செய்த கைகள் தவறியது உண்மையே; காயம்பட்டவன் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னோர் ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட, அவனுக்குரிய உத்தரவு பழைய படைப்பிரிவிலேயே தங்கிவிட்டதும் உண்டு. ஆனால் இதைவிட விசித்திரமான காரணம் ஒன்று இருக்கிறது: பல பதக்கங்கள் பிறப்பதற்கு முன்பே அவற்றைப் பெறவேண்டியவர்கள் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இரண்டாவது உலக யுத்தத்தின் வெற்றிப் பதக்கத்தை அமெரிக்கக் காங்கிரஸ் சிருஷ்டித்தது 1945 ஜூலையில். அதற்கு முன் விலகியவனின் பத்திரத்தில் அது இருக்க நியாயமே இல்லை. எதிரியிடம் சிறைப்பட்டவர்களுக்கான பதக்கம் 1985இல்தான் ஏற்பட்டது. ஆனால் 1917 ஏப்ரல் 5 முதல் சிறைப்பட்டவர்கள் அனைவருக்கும் அது உரியதென்று சட்டம் பின்னோக்கிக் கை நீட்டியது. கொரியக் குடியரசு 1951இலேயே ஐக்கிய நாடுகளின் சேனைக்கு ஒரு பதக்கத்தை அளிக்க முன்வந்தும், அமெரிக்கா தன் சிப்பாய்களுக்காக அதை ஏற்றுக்கொண்டது 1999இல். அப்போது அதற்கு உரியவர்கள் சுமார் 18 லட்சம் பேர் என்று ராணுவ இலாகா கூறியது. அவர்களில் இறந்தவர் எத்தனையோ, இன்னும் உயிரோடிருந்தும் செய்தியைக் கேள்விப்படாதவர் எத்தனையோ!

எல்லாவற்றிலும் கவனிக்கத்தக்கது வெண்கல நட்சத்திரப் பதக்கத்தின் கதை. சேற்றில் நடந்து, குழியில் தூங்கி, நேருக்கு நேர் சண்டையிடும் காலாட்படைக்காரனுக்கு உற்சாகம் தர, நீல நிறத்தில் நீளமான துப்பாக்கி பொறித்த ஒரு சின்னம் 1943இல் ஏற்படுத்தப்பட்டது. அதை அணிந்தவனுக்கு அந்நாளில் மாதம் 10 டாலர் சம்பள உயர்வும் கிடைத்தது. யுத்தம் முடிந்து இரண்டு வருஷம் கழித்து, 1947இல், அந்தச் சின்னத்தைப் போர்க்காலத்தில் பெற்ற ஒவ்வொருவரும் வெண்கல நட்சத்திரப் பதக்கத்துக்கும் உரியவரே என்று ராணுவம் தீர்மானித்தது. நல்ல தீர்மானம்தான், ஆனால் பதக்கம் தானாக வீடு தேடி வராது, உரியவன் எழுதிக் கேட்கவேண்டும். சிவில் வாழ்க்கையில் மூழ்கிவிட்டவனுக்கு ராணுவச் சுற்றறிக்கை எப்படித் தெரியும்? இதனால்தான், துப்பாக்கிச் சின்னம் மட்டும் குறிக்கப்பட்ட பழைய பத்திரத்தை ஒருவர் கொண்டுவந்தால், விஷயம் தெரிந்தவர்கள் அதைப் பார்த்தவுடனே, "உங்களுக்கு இன்னொரு பதக்கம் வரவேண்டியிருக்கிறதே!" என்று சொல்லிவிடுகிறார்கள்.

இப்படிப்பட்ட தவறுகளைச் சரிபார்ப்பதற்குரிய மூல ஏடுகள் மிஸௌரி மாகாணத்தின் செயின்ட் லூயிஸ் நகரையடுத்த தேசியப் பணியாளர் ஆவணக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்தன. 1973 ஜூலை 12ஆம் தேதி, நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், அக்கட்டடத்தின் ஆறாவது மாடியில் தீப்பற்றியது. தீயணைப்புக்காரர்கள் நாலரை நாள் போராடினார்கள். 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி வரை தரைப்படையிலிருந்து விலகியவர்களின் ஏடுகளில் நூற்றுக்கு 80 பங்கும், 1947 செப்டம்பருக்கும் 1964 ஜனவரிக்கும் இடையில் விமானப்படையிலிருந்து விலகியவர்களில் அகரவரிசைப்படி ஹப்பார்ட் என்ற பெயருக்குப் பின் வருபவர்களின் ஏடுகளில் 75 பங்கும் அழிந்தன. மொத்தத்தில் 160 லட்சத்திலிருந்து 180 லட்சம் வரை ஏடுகள். நகல் இல்லை, மைக்ரோஃபிலிம் இல்லை, எந்த ஏடு எங்கே இருந்தது என்று சொல்ல ஓர் அட்டவணைகூட இல்லை.

நெருப்பு விட்டதை நீர் விடவில்லை. நனைந்து பூஞ்சை பூத்த காகிதங்களைப் பால்காரர்கள் உபயோகிக்கும் பிளாஸ்டிக் கூடைகளில் அடுக்கி, மெக்டானல் டக்ளஸ் விமானக் கம்பெனியின் வெற்றிடக் கூண்டுக்குக் கொண்டுபோனார்கள். மெர்க்குரி, ஜெமினி விண்வெளிப் பயணங்களுக்காக ஆகாயத்தின் உஷ்ண நிலையையும் அழுத்தத்தையும் பூமியிலேயே உண்டாக்கிப் பார்க்கக் கட்டப்பட்ட அந்தக் கூண்டில், இப்போது பழைய சிப்பாய்களின் காகிதங்கள் ஈரம் உலர்ந்தன. சுமார் 65 லட்சம் ஏடுகள் இவ்வாறு பிழைத்தன. ஓரம் கருகி, நடுவில் மட்டும் எழுத்துத் தெரியும் அத்தகைய தாள்களைப் பூஞ்சை நீக்கி, மடிப்பு விரித்து, தொட்டால் உதிராதபடி பக்குவம் செய்யும் வேலை இன்றும் அங்கே நடந்துகொண்டிருக்கிறது.

மூல ஏடு சாம்பலாகிவிட்டவனின் கதி என்ன? இங்கேதான் ஆவணக்காரர்களின் சாமர்த்தியம் வெளிப்படுகிறது. ஒவ்வொரு கம்பெனியிலும் குமாஸ்தா தினமும் 'காலை அறிக்கை' ஒன்று தயாரிப்பது அந்நாளில் வழக்கம். முந்தின நாள் யார் வந்தார், யார் போனார், யார் காயம்பட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டார் என்பதைப் பெயரும் சேவை எண்ணும் சேர்த்து ஓரிரண்டு வரிகளில் தட்டியிருப்பார். எந்த உணர்ச்சியும் இல்லாத அந்த வரி, அறுபது வருஷம் கழித்து, சிப்பாய் எந்தத் தேதியில் எந்த ஊரருகே அடிபட்டான் என்பதற்கு ருசுவாக நிற்கிறது. சம்பளப் பட்டுவாடாச் சீட்டுகள் உண்டு. நோய்க்கும் காயத்துக்கும் நிவாரணம் கோரி முன்னாள் சிப்பாய்கள் கொடுத்த மனுக்கள் உண்டு. படைப்பிரிவு பிறப்பித்த பொது உத்தரவுகள் உண்டு. 1942 முதல் 1945 வரையிலும், 1950 முதல் 1954 வரையிலும் ராணுவ ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டவர்களைப் பற்றிச் சுமார் ஒரு கோடி குறிப்புகள் கம்ப்யூட்டர் நாடாக்களில் பதிவாகியிருந்தது 1988இல் காப்பகத்துக்குக் கிடைத்தது. அவற்றில் பெயர்கள் கிடையா. சேவை எண்கள் மட்டுமே. தன் எண்ணை ஞாபகம் வைத்திருக்கும் கிழவர் அதைச் சொல்ல, அந்த எண்ணுக்கு நேராகக் காயத்தின் விவரம் வெளிப்படும்.

இனி நடைமுறையைப் பார்ப்போம். முதற்படி, முன்னாள் சிப்பாயோ, அவர் இறந்திருந்தால் மறுமணம் செய்யாத மனைவி, பெற்றோர், மக்கள், உடன்பிறந்தார் ஆகியோரில் ஒருவரோ, காப்பகத்துக்கு எழுதிப் பதக்கங்களைச் சரிபார்க்கச் சொல்வது. விட்டுப்போனது ஏட்டிலேயே தெளிவாகத் தெரியுமானால் தகராறுக்கு இடமில்லை; திருத்தப் பத்திரம் வரும், பதக்கமும் இலவசமாக அனுப்பப்படும். அதிகாரிகள் மறுத்துவிட்டால் அடுத்த படி, ராணுவ ஆவணத் திருத்த மன்றம். 1946க்கு முன்பு, ஒரு சிப்பாயின் ஏட்டில் ஓர் எழுத்தை மாற்றவேண்டுமானாலும் காங்கிரஸில் அவருக்கென்று தனி மசோதா கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தச் சுமை தாங்காமல் அவ்வருஷத்துச் சட்டத்தின் மூலம் இந்த அதிகாரத்தைக் காங்கிரஸ் ராணுவ இலாகாக்களிடமே ஒப்படைத்தது. ஆனால் தீர்ப்புச் சொல்பவர்கள் சீருடை அணிந்தவர்களாயிருக்கக் கூடாது, சிவிலியன்களாகவே இருக்கவேண்டும் என்று விதித்தது மிகவும் விவேகமான ஏற்பாடு. தவறு தெரியவந்த மூன்று வருஷத்துக்குள் மனுச் செய்யவேண்டும் என்பது விதி. நீதியை முன்னிட்டு அந்தக் காலக்கெடுவை மன்னிக்க மன்றத்துக்கு அதிகாரமும் உண்டு.

விட்டுப்போன பதக்கம் வேறு, கொடுக்கப்படாத பதக்கம் வேறு என்பதை மனுச் செய்பவர் முதலில் உணரவேண்டும். முன்னதில் கேள்வி ஒன்றுதான்: உத்தரவு இருந்ததா, தகுதி இருந்ததா? பின்னதில், அந்த வீரச் செயலின் மதிப்பையே புதிதாக எடைபோட வேண்டியிருக்கிறது; ஆகவே பாதை கரடுமுரடானது. கென்டக்கி மாகாணத்து விவசாயி கார்லின் கானர் இதற்கு உதாரணம். 1945 ஜனவரி 24ஆம் தேதி, பிரான்ஸ் தேசத்து ஹூஸன் கிராமத்தருகே, காயம் முற்றும் ஆறாத நிலையில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த இந்த லெப்டினன்ட், டெலிபோன் கம்பிச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு பீரங்கி மழையினூடே தம் படையின் முன்வரிசையைக் கடந்து ஓடி, ஆழமற்ற ஒரு பள்ளத்தில் படுத்து, மூன்று மணி நேரம் எதிரியின்மேல் குண்டுகளைத் திருப்பிவிட்டார். எதிரிகள் சில கஜ தூரத்துக்கு வந்துவிட்டபோது தாம் கிடந்த இடத்தின்மீதே சுடச் சொன்னார். அதற்கு இரண்டாம் நிலைப் பதக்கம்தான் கிடைத்தது. அவர் அதைப்பற்றி வீட்டில் அதிகம் பேசியதுமில்லை. அவருடைய ஏடுகளைக் கண்டு வியந்த முன்னாள் ராணுவத்தார் ஒருவர் 1990களில் தொடங்கிய முயற்சி, மன்றத்தில் நிராகரிக்கப்பட்டு, நேரில் கண்ட மூவரின் பிரமாணப் பத்திரங்கள் கிடைத்த பின்னும் காலம் கடந்துவிட்டதென்று தள்ளப்பட்டு, ஃபெடரல் நீதிமன்றங்கள் வரை சென்று சமரசத்தில் முடிந்தது. கானர் 1998இல் காலமானார். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஆனரை 2018 ஜூன் 26ஆம் தேதி வெள்ளை மாளிகையில் அவருடைய மனைவி போலின் பெற்றுக்கொண்டார்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்கலாம். பொய்யாகப் பதக்கம் கொண்டாடுபவர்கள் அந்நாட்டில் குறைவில்லை; அதை நேர்மையற்ற லாபத்துக்காகச் செய்வது 2013ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். மேலும், காயத்துக்குரிய பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் வெறும் உலோகமன்று. முன்னாள் சிப்பாய்களின் வைத்தியசாலைகளில் முன்னுரிமையும், ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் இடம்பெறும் தகுதியும் அதைத் தொடர்ந்து வருகின்றன. எனவே ருசு கேட்பதில் தப்பில்லை. ஆனால் மன்றங்கள் அனுசரிக்கும் தர்க்கத்தில் ஒரு முரண்பாடு மறைந்திருக்கிறது. சர்க்கார் ஏடுகள் முறைப்படி எழுதப்பட்டவையென்றே முதலில் கொள்ளவேண்டும், தவறென்று காட்டுவது மனுதாரரின் பொறுப்பு என்பது அந்தத் தர்க்கம். தன் காவலில் இருந்த ஏட்டை நெருப்புக்குக் கொடுத்தவன் ஒருவன். இல்லாத ஏட்டில் இருந்ததை ருசுப்படுத்த வேண்டியவன் மற்றொருவன்! நேரில் கண்டவர்களோ ஆண்டுக்காண்டு குறைந்துவருகிறார்கள்; காலக்கெடுவை மன்றம் மன்னிக்கலாம், காலம் மன்னிப்பதில்லை. இந்தச் சுமையில் பாதியையாவது சர்க்கார் தானே ஏற்று, கையிலுள்ள காலை அறிக்கைகளையும் ஆஸ்பத்திரிக் குறிப்புகளையும் மனுதாரருக்காகத் தேடித் தரவேண்டும் என்பதே நியாயமாகத் தோன்றுகிறது. ஏனெனில் திருத்தம் என்பது தயவு அன்று, நிலுவையில் நிற்கும் கணக்கைச் செலுத்துவது.

மனு வெற்றி பெற்றால் வந்து சேர்வது பெரும்பாலும் டி.டி. 215 என்ற ஒற்றைத் தாள். பழைய பத்திரத்தில் இன்ன கட்டத்தில் இன்ன பதக்கத்தைச் சேர்த்துக்கொள்க என்று அது சில வரிகளில் சொல்லும். பழையது அழிக்கப்படுவதில்லை, இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கவேண்டும், கேட்கும் இடத்தில் இரண்டையும் சேர்த்தே காட்டவேண்டும். அப்படிக் காட்டும்போது, சர்க்கார் செய்த பிழையும் அதே சர்க்கார் செய்துகொண்ட திருத்தமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்ப்பவர் காண்கிறார். ஆவணங்களை நம்பி நடக்கும் எந்த ராஜ்யத்துக்கும் அது அவமானமல்ல. பிழையே நேராது என்று பாசாங்கு செய்யும் ஏட்டைவிட, நேர்ந்த பிழையைத் தன் கையாலேயே குறித்துவைத்திருக்கும் ஏட்டைத்தான் ஜனங்கள் நம்புவார்கள்.