பள்ளிப் பஸ்ஸின் அவசர வழி

ஜவ்வாது மலையில் காலை வேளையில், சாமைக் கொல்லைகளின் ஓரத்தில் பிள்ளைகள் புத்தகப் பையுடன் வண்டிக்குக் காத்து நிற்பதைக் காண்கிறோம். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கும், ஆலங்காயத்திலிருந்து காவலூருக்கும், திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்கும் ஏறிச் செல்லும் பாதைகள் வளைவும் சரிவும் மிகுந்தவை. இப்பாதைகளால் கல்வியும் மருத்துவமும் சந்தையும் மலைமக்களுக்கு அருகில் வந்துள்ளன. வசதி பெருகுமிடத்தில் அதற்குரிய ஜாக்கிரதையும் பெருக வேண்டுமல்லவா?

2022 ஏப்ரல் 2ஆம் நாள், புதூர்நாட்டுப் பகுதியில் மலைக்கோவிலுக்குச் சென்ற வேன் ஒன்று பள்ளத்தில் உருண்டது. பெண்களும் சிறுமியருமாகப் பத்துப் பேருக்கு மேல் மாண்டனர். அது பள்ளி வண்டியன்று. ஆயினும் நம் பிள்ளைகள் செல்வதும் இத்தகைய மலைப் பாதைகளிலேதான் என்பதை நாம் மறத்தலாகாது.

இரண்டாவது வழி எதற்கு?

நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்புறமாகச் செல்வதால், பஸ்ஸின் படிக்கட்டும் இடப்பக்கத்திலேயே அமைந்திருக்கிறது. வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தால் அவ்வாசல் தரையோடு அமுங்கிவிடும். முன்புறம் மோதினால் கதவு நெளிந்து திறவாமற் போகலாம். குழந்தைகள் தலையையோ கையையோ வெளியே நீட்டாதிருக்கச் சன்னல்களில் குறுக்குக் கம்பிகள் பொருத்துகிறார்கள். அன்றாடம் காக்கும் அக்கம்பியே ஆபத்து வேளையில் தடையாகிவிடுகிறது. எனவேதான் பின்புறத்திலோ வலப்பக்கத்தின் பிற்பகுதியிலோ அவசர வழி ஒன்று இன்றியமையாததாகிறது.

கதவு இருந்தால் மட்டும் போதுமா? போதாது. அமெரிக்காவில் கெண்டக்கி மாநிலத்துக் கரோல்டன் நகருக்கருகே 1988 மே 14ஆம் நாள் இரவு, முன்பு பள்ளி வண்டியாக ஓடிய பஸ் ஒன்று விபத்துக்குள்ளாகித் தீப்பற்றியது. முன்வாசல் அடைபட்டது. அறுபதுக்கு மேற்பட்டோர் குறுகிய நடைவழியில் பின்கதவை நோக்கி நெருக்கினர். அங்கே வைத்திருந்த ஒரு பெட்டியும் வழியை மறித்தது. 27 பேர் தீக்கும் புகைக்கும் இரையாயினர். அவர்களில் 24 பேர் சிறுவர். நம் கும்பகோணத்தில் 2004 ஜூலை 16ஆம் நாள் பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்தோம். அங்கும் குறுகிய படிக்கட்டே தப்பும் வழியாக இருந்தது. வழி இருப்பது வேறு, அது பயன்படும் நிலையில் இருப்பது வேறு என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன.

கதவு எப்படி இருக்க வேண்டும்?

2012 ஜூலையில் தாம்பரத்தை அடுத்த பகுதியில், பள்ளிப் பஸ்ஸின் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அதன்பின் அவ்வாண்டிலேயே தமிழக அரசு பள்ளி வண்டிகளுக்கெனத் தனி விதிகளை வகுத்தது. அவசர வழி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, முதலுதவிப் பெட்டி, தீயணைக்கும் கருவி, பிள்ளைகளைக் கவனிக்க உதவியாளர் ஆகியவை வற்புறுத்தப்படுகின்றன.

அவசரக் கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் எளிதில் திறக்கக் கூடியதாக இருக்க வேண்டும். ஓடும் வண்டியில் அதற்குப் பூட்டுப் போடலாகாது. ‘அவசர வழி’ என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். கதவண்டை மாற்றுச் சக்கரமோ பையோ கூடுதல் ஆசனமோ வைத்தல் கூடாது.

நாம் செய்ய வேண்டியவை

ஆண்டுதோறும் ஜூன் மாதம் பள்ளி திறக்குமுன் போக்குவரத்துத் துறையினர் பிற துறையினருடன் சேர்ந்து வண்டிகளைத் தணிக்கை செய்கின்றனர். அது ஒருநாள் பணி. மற்ற நாட்களில் காவல் நம்முடையதே. மே முதல் நாள் கூடும் கிராம சபையில் ஊருக்கு வரும் பள்ளி வண்டிகளைப் பற்றிப் பேசுவோம். வண்டி ஊரில் நிற்கும்போது, பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர் ஓட்டுநரின் முன்னிலையில் அக்கதவைத் திறந்து பார்க்கட்டும். துருப்பிடித்திருந்தால் எண்ணெயிடச் சொல்வோம். எட்டு வயதுப் பிள்ளையால் கைப்பிடியைத் திருப்ப முடிகிறதா என்பதே சரியான சோதனை.

பருவத்துக்கு ஒருமுறையேனும் பிள்ளைகளை இறங்கிப் பழகச் செய்ய ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்வோம். பையை விட்டுவிட வேண்டும். பெரியவர்கள் இருவர் முதலில் இறங்கிக் கீழே நின்று சிறியவர்களைத் தாங்க வேண்டும். குதிக்காமல் உட்கார்ந்து சறுக்கி இறங்க வேண்டும். சாலையை விட்டு விலகிப் பாதுகாப்பான இடத்தில் கூடித் தலை எண்ண வேண்டும். விளையாட்டாகக் கைப்பிடியைத் தொடலாகாது என்பதையும் கற்பிக்க வேண்டும். சரக்கு வண்டியில் பிள்ளைகளை ஏற்றி அனுப்பும் வழக்கத்தையும் அறவே விட வேண்டும்.

விவசாயப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. மலைப்பாதையில் விபத்து நேர்ந்தால் முதலில் ஓடி வருபவர் அருகில் கொல்லையில் வேலை செய்பவரே. 108 ஊர்தி வந்து சேரும்வரை உதவி அவர் கையில்தான் இருக்கிறது. அக்கதவை வெளியிலிருந்து எப்படித் திறப்பது என்று அவர் அறிந்திருந்தால், சன்னல் கம்பியோடு போராடிக் காலம் கழிக்க வேண்டியதில்லை. ஆகவே வண்டி ஊருக்கு வரும் ஒரு நாள், சிறிது நேரம் ஒதுக்கி அக்கைப்பிடியைத் தொட்டுப் பார்ப்போம். வெள்ளம் வருமுன் அணை கோலுவது என்பது இதுவே.