வாயில் சிறு புண். கழுத்தில் ஏன் அறுவை?



"நாக்கின் ஓரத்தில் காசளவு புண்தானே டாக்டர், கழுத்தை ஏன் திறக்க வேண்டும்?" வாய்ப் புற்றுநோய் என்று கேட்டுக் கலங்கி நிற்கும் குடும்பத்தார் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி. அதற்கு விடை, கண்ணுக்குத் தெரியாத ஒரு கைப்பிடியில் இருக்கிறது.

நம் வாயின் உட்புறத் தோல் பல அடுக்குச் செல்களால் ஆனது. காரமும் சூடும் பட்டு, பற்கள் உரசியும் அது கிழியாமல் இருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு செல்லும் பக்கத்துச் செல்லை இறுகப் பிடித்திருப்பதே. அவ்விதம் பிடிக்கும் கைகளில் முக்கியமானது இ-கேட்ஹெரின் என்னும் புரதம். ஜப்பானிய அறிஞர் மசதோஷி தாகெய்ச்சி கண்டறிந்த கேட்ஹெரின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. இதன் வெளிப்பகுதி, கால்சியத்தின் துணையோடு, அடுத்த செல்லிலுள்ள அதே புரதத்தைக் கோத்துக்கொள்கிறது. உட்பகுதி, கேட்டனின் என்னும் புரதங்கள் வழியாகச் செல்லின் உள் இழைகளோடு கட்டப்பட்டுள்ளது. இன்டெக்ரின் என்ற வேறு புரதங்கள், அடி அடுக்குச் செல்களைக் கீழேயுள்ள மெல்லிய சவ்வோடு பிணைக்கின்றன.

புகையிலை, பாக்கு, மது ஆகியவை ஆண்டுக்கணக்கில் இச்செல்களைத் தாக்கும்போது இந்தக் கட்டுமானம் குலைகிறது. வாய்ப் புற்றுநோயில் இ-கேட்ஹெரினைத் தரும் மரபணு பெரும்பாலும் உடைந்துபோவதில்லை, பூட்டிவைத்தாற்போல் செயலற்றுப்போகிறது. கை நழுவிய செல், தன் இடத்தை விட்டு ஆழத்திற்கு இறங்குகிறது. நிணநீர்க் குழாயை அடைந்தால், அடுத்து அது தங்கும் இடம் கழுத்திலுள்ள நிணநீர் முடிச்சுகளே.

பயாப்சித் துண்டுக்குத் தனிச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் இதைக் கண்ணாலேயே காணலாம். நல்ல தோலில் செல்களின் ஓரமெங்கும் பழுப்பு நிறக் கோடு, வலை பின்னியதுபோல் தெரியும். புற்று ஊடுருவும் முனையிலோ அக்கோடு பெரும்பாலும் மங்கியிருக்கும், அல்லது மறைந்தே போயிருக்கும். ஆனால் இச்சாயத்தை மட்டும் நம்பி அறுவையை முடிவு செய்வதில்லை. புற்று எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியுள்ளது என்பதையே மருத்துவர்கள் முக்கியமாகப் பார்க்கிறார்கள்.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2015-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சாட்சி. தொடக்க நிலை வாய்ப் புற்றுநோயாளர் 500 பேரின் முடிவுகள் அதில் ஆராயப்பட்டன. புண்ணை அகற்றியபோதே கழுத்து முடிச்சுகளையும் அகற்றியவர்களில் 80 சதவீதத்தினர் மூன்றாண்டு முடிவில் உயிரோடிருந்தனர். கழுத்தில் நெறி கட்டிய பிறகு பார்க்கலாம் என்று காத்திருந்தவர்களில் 67.5 சதவீதத்தினரே பிழைத்திருந்தனர். நூறு பேரில் ஏறத்தாழ பன்னிரண்டு குடும்பங்களின் கண்ணீர் இந்த வித்தியாசத்தில் அடங்கியிருக்கிறது.

கைகள் நழுவுமுன் கண்டுபிடிப்பதே எல்லாவற்றிலும் மேலானது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று மக்களின் வாயைப் பார்த்தார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கமுள்ளோரிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததென்று 2005-ல் அறிவிக்கப்பட்டது. அவர்களுக்குத் தேவைப்பட்டது நல்ல வெளிச்சமும், பார்க்கத் தெரிந்த கண்களுமே.

ஆகையால், இதை வாசித்து முடித்ததும் கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புப் படலமோ, மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணோ இருந்தால், வலி இல்லையென்று தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வெற்றிலை பாக்கு மெல்லும் பாட்டியம்மாவின் வாயையும் அன்போடு பார்த்துவிடுங்கள்.