இருமுனை ஆன்டெனா

இருமுனை ஆன்டெனா என்பது ஒரே நேர்கோட்டில் அமைந்த இரண்டு கம்பிகளையோ குழாய்களையோ கொண்டு, வானொலி அலைகளை அனுப்பவும் பெறவும் பயன்படும் அமைப்பாகும். ஆன்டெனாக்களுள் மிக எளியவற்றுள் இதுவும் ஒன்று. செருமானிய இயற்பியலாளர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் தம் மின்காந்த அலைச் சோதனைகளில் பயன்படுத்தியதும் இவ்வகையே.

செயற்படும் முறை

இரு கம்பிகளின் வெளிமுனைகளும் எதனோடும் இணைக்கப்படுவதில்லை. மூடப்படாத சுற்றில் மின்னோட்டம் எவ்வாறு பாயும் என்ற ஐயம் மாணவர்களுக்கு எழுவது இயல்பே. மின்கலத்தை இணைத்தால் தொடர்ந்து பாயாது என்பது உண்மை. மாறுமின்னோட்டத்திலோ, ஓர் அரைச்சுழற்சியில் எதிர்மின்னிகள் ஒரு முனையை நோக்கித் தள்ளப்படுகின்றன. அடுத்த அரைச்சுழற்சியில் மறுமுனையை நோக்கித் தள்ளப்படுகின்றன. இந்த ஊசலாட்டமே இங்கு மின்னோட்டம். மின்னூட்டங்கள் இவ்வாறு இடைவிடாது முடுக்கப்படுவதால் மின்காந்த அலைகள் வெளிப்படுகின்றன.

மின்னோட்டம் நடுவில் உச்சமாகவும் முனைகளில் சுழியாகவும் இருக்கும். மின்னழுத்தம் இதற்கு நேர்மாறானது. ஆகவே அலைபரப்பும்போது முனைகளைத் தொடுவது ஆபத்தானது.

நீளம்

மின் அலைவு ஒரு முனையிலிருந்து மறுமுனையை அடையும் நேரமும் அரைச்சுழற்சியின் நேரமும் ஒன்றானால் ஒத்ததிர்வு ஏற்படும். அரைச்சுழற்சியில் ஒளி கடக்கும் தொலைவு அரை அலைநீளம். எனவே ஆன்டெனாவின் மொத்த நீளமும் ஏறத்தாழ அதுவே. முனைகளின் விளைவாலும் கம்பியின் தடிமனாலும் இதனினும் சுமார் 5% குறைத்து வெட்டவேண்டும். 143 ஐ மெகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணால் வகுத்தால் நீளம் மீட்டரில் கிடைக்கும். 100 மெகாஹெர்ட்ஸ் பண்பலைக்கு 1.43 மீட்டர், அதாவது பக்கத்திற்குச் சுமார் 71 சென்டிமீட்டர் போதும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கோ 20 மீட்டருக்குச் சற்று மேல் தேவை. மொட்டை மாடியில் இடம் தேடவேண்டியதுதான். சற்று நீளமாக வெட்டி, அளந்து பார்த்துக் குறைப்பதே நல்லது.

மின்மறிப்பு

இதன் நடுவில் மின்மறிப்பு ஏறத்தாழ 70 ஓம் ஆகும். இதில் பெரும்பகுதி வெப்பமாக வீணாகும் தடையன்று. அலையாக வெளியேறும் ஆற்றலைக் குறிப்பது. 75 ஓம் வடம் இதனோடு நன்கு பொருந்தும். பொருந்தாத வடத்தை இணைத்தால் ஆற்றலில் ஒரு பகுதி எதிரொளிக்கப்பட்டு அலைபரப்பியை நோக்கித் திரும்பும்.

கதிர்வீச்சு

கதிர்வீச்சின் வடிவம் உளுந்து வடையைப் போன்றது; கம்பி அதன் துளையூடாகச் செல்வதாகக் கொள்ளலாம். கம்பியின் நீளவாக்கில் கதிர்வீச்சு இராது. வானொலிப் பெட்டியின் ஆன்டெனாவைத் திருப்பும்போது ஒலி குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். முன்பு வீட்டுக் கூரைகளில் காணப்பட்ட தொலைக்காட்சி ஆன்டெனாக்களில், பல குறுக்குக் குழாய்களிடையே கம்பி இணைக்கப்பட்டிருந்த குழாய் மட்டுமே இருமுனை ஆன்டெனா. மற்றவை அலைகளை ஒரு திசையில் குவிப்பவை.