சர்வகலாசாலைப் புத்தகசாலையும் அதன் சாவியும்

நமது தேசத்துச் சர்வகலாசாலைகளின் புத்தகசாலைகளில் சில வருஷங்களாக நடந்துவரும் ஒரு பெரிய மாறுதலைப் பொதுஜனங்கள் அதிகமாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஓசையின்றி நடக்கும் மாறுதலாதலின் அதில் வியப்புமில்லை. 2024-ஆம் வருஷம் நவம்பர் 25-ந் தேதி மத்திய மந்திரிசபையார் ‘ஒரே தேசம், ஒரே சந்தா’ என்னும் திட்டத்தை அங்கீகரித்தனர். அதன்படி 2025 முதல் 2027 முடிய மூன்று வருஷங்களுக்கு 6,000 கோடி ரூபாய் செலவில், 30 பிரசுரகர்த்தர்கள் வெளியிடும் ஏறக்குறைய 13,000 சஞ்சிகைகள், அரசாங்க நிர்வாகத்திலுள்ள 6,300-க்கு மேற்பட்ட கல்வி, ஆராய்ச்சி ஸ்தாபனங்களுக்கு இணையத்தின் வழியாகக் கிடைக்கும். இதனால் பயனடையக்கூடியவர்கள் சுமார் 1.8 கோடிப் பேர் என்பது அரசாங்கத்தாரின் கணக்கு.

இத்திட்டத்தை நாம் குறைகூற வரவில்லை. பெரிய சர்வகலாசாலையின் பேராசிரியர் படிக்கும் அதே சஞ்சிகையை, ஏதோ ஒரு ஜில்லாவிலுள்ள சர்க்கார் கலாசாலை மாணவனும் அன்றைக்கே படிக்கலாம் என்பது சாமானிய விஷயமன்று. செலவும் தலைக்கு வருஷத்திற்குச் சுமார் 1,100 ரூபாய்தான் ஆகிறது. ஆயினும், வரி கொடுப்பவன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. இவ்வளவு பணத்தைக் கொட்டி நாம் வாங்கியது சரக்கா, அல்லது சரக்கைப் பார்ப்பதற்கு அநுமதிச் சீட்டா?

இக்கேள்வியின் கனம் நன்கு விளங்க வேண்டுமானால் சென்னைச் சர்வகலாசாலைப் புத்தகசாலையின் சரித்திரத்தைச் சிறிது திரும்பிப் பார்க்க வேண்டும். 1857-இல் ஸ்தாபிக்கப்பட்ட அந்தச் சர்வகலாசாலைக்கு 1924-இல்தான் முதல் லைப்ரேரியன் நியமிக்கப்பட்டார். அவர்தாம் சீர்காழியில் பிறந்து, சென்னை ராஜதானிக் கலாசாலையில் கணிதம் போதித்துவந்த ஸ்ரீ எஸ்.ஆர். ரங்கநாதன். பதவி ஏற்ற சில நாட்களுக்குள்ளேயே அவ்வேலை அவருக்குச் சலித்துப்போய், பழைய ஆசிரியர் வேலையைத் திருப்பித் தரும்படி கலாசாலைத் தலைவரிடம் சென்று கேட்டாராம். லண்டனுக்குப் போய்ப் பயிற்சி பெற்று வந்த பிறகும் மனம் மாறாவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று தலைவர் சமாதானம் சொல்லி அனுப்பினாராம். அந்தச் சமாதானத்திற்குத் தேசம் கடமைப்பட்டிருக்கிறது. லண்டன் சர்வகலாசாலைக் கலாசாலையில் படித்து, இங்கிலாந்தின் புத்தகசாலைகளையெல்லாம் சுற்றிப் பார்த்து, 1925-இல் திரும்பிய ரங்கநாதன் வேறு மனிதராய்த் திரும்பினார்.

அவர் செய்த காரியங்களில் முதன்மையானதாக நாம் கருதுவது 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையையன்று, அது பண்டிதர்களுக்குரியது. அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டாரே, அதுதான் பெரிய காரியம். சீட்டில் பெயரெழுதிக் கொடுத்து, சிப்பந்தி கொண்டுவந்து தரும்வரை காத்திருந்த வாசகன், தானே உள்ளே சென்று, ஒரு புத்தகத்தைத் தேடப்போய் அதன் பக்கத்திலிருந்த வேறு புத்தகத்தைக் கண்டெடுக்கலாயினான். புத்தகம் காவல் காப்பதற்குரிய பொருளன்று, உபயோகத்திற்குரியது என்பதையே அவர் 1931-இல் பிரசுரித்த ஐந்து விதிகளில் முதல் விதியாக வைத்தார். 1936-இல் சேப்பாக்கத்தில் கடற்கரைக்கெதிரே புத்தகசாலைக்குத் தனிக் கட்டிடம் எழுந்தது. 1944 வரையில் இருபது வருஷங்கள் அவர் அங்கே உழைத்தார். அவ்வுழைப்பின் கிளையாகவே 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. சுதந்திர இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதற் சட்டம். வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுவது அதன் பயனே.

அக்காலத்தில் புத்தகசாலை ஒரு சஞ்சிகைக்குச் சந்தா கட்டினால் சஞ்சிகை தபாலில் வந்தது. வருஷ முடிவில் பைண்டு செய்யப்பட்டு அலமாரியில் ஏறியது. மறு வருஷம் பணமில்லாமல் சந்தாவை நிறுத்தினாலும் பழைய தொகுதிகளை எவரும் எடுத்துக்கொண்டு போய்விட முடியாது. இன்றைய சந்தாவோ வாடகைக் குடித்தனத்தை ஒத்தது. சஞ்சிகை பிரசுரகர்த்தரின் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. வாசகனுக்குக் கிடைப்பது ஒரு கடவுச்சொல். சில ஒப்பந்தங்களில், பணம் கட்டிய வருஷங்களுக்குரிய இதழ்களை என்றும் பார்க்கும் உரிமை எழுதப்பட்டிருக்கும். சிலவற்றில் அதுவும் இராது. இராவிட்டால், வாடகை நின்ற அன்றே வீடு காலி.

வாடகை ஏறுவதைத் தடுப்பாரும் இல்லை. ஆராய்ச்சி செய்பவர் சர்வகலாசாலைப் பேராசிரியர். சம்பளம் கொடுப்பது பெரும்பாலும் சர்க்கார். கட்டுரையை அவர் இலவசமாகக் கொடுக்கிறார். மற்றொரு பேராசிரியர் அதை இலவசமாகவே பரிசீலிக்கிறார். முடிவில் அதே சர்வகலாசாலை அதே கட்டுரையை விலை கொடுத்து வாங்குகிறது. சொந்த மாட்டுப் பாலை மாட்டுக்காரனே கடையில் வாங்கும் இவ்வியாபாரத்திற்கு நிகரானதை நாம் எந்தக் கடைத்தெருவிலும் கண்டதில்லை. செல்வத்தில் மிகுந்த அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையே சில பிரசுரகர்த்தர்களின் சஞ்சிகைகளுக்காக வருஷந்தோறும் சுமார் 37½ லட்சம் டாலர் கொடுக்க நேர்வதாகவும், இது நெடுநாள் தாங்காதென்றும் அதன் ஆசிரியர் குழு 2012 ஏப்ரலில் முறையிட்டது. கலிபோர்னியா சர்வகலாசாலையார் முறையீட்டோடு நிற்கவில்லை. 2019 பிப்ரவரியில் எல்ஸெவியர் கம்பெனியுடன் பேச்சை முறித்துக்கொண்டு, இரண்டு வருஷங்களுக்கு மேல் சந்தாவின்றியே காலந்தள்ளினார்கள். 2021 மார்ச்சில் கம்பெனியார் இறங்கிவந்து, அச்சர்வகலாசாலையார் எழுதும் கட்டுரைகள் உலகத்தார் அனைவருக்கும் இலவசமாகத் திறந்திருக்க வேண்டுமென்ற ஏற்பாட்டிற்குச் சம்மதித்தனர். பத்து வளாகங்கள் ஒன்றாய் நின்றதன் பலன் அது. 6,300 ஸ்தாபனங்கள் ஒன்றாய் நிற்கும் நமக்கு அதைவிடப் பலம் குறைவென்று யார் சொல்வார்?

சட்ட சம்பந்தமாகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்; வழக்கறிஞர் தொழிலின் வாசனை நம்மை எளிதில் விடுவதில்லை. டில்லிச் சர்வகலாசாலையின் பொருளாதாரப் பள்ளியிலிருந்த ஒரு சிறு நகலெடுக்கும் கடையின்மீதும் சர்வகலாசாலையின்மீதும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்டு பிரான்ஸிஸ் ஆகிய பிரசுரகர்த்தர்கள் 2012-இல் வழக்குத் தொடர்ந்தனர். பாடத்திற்கு வேண்டிய பகுதிகளைப் புத்தகங்களிலிருந்து நகலெடுத்துத் தொகுத்து மாணவர்களுக்கு விற்றதே குற்றமாம். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு போதனையின் நிமித்தம் நகலெடுப்பதை அநுமதிக்கிறதென்று 2016 செப்டம்பரில் டில்லி ஹைகோர்ட்டு நீதிபதி வழக்கைத் தள்ளினார். அப்பீலில் சில அம்சங்கள் மறு விசாரணைக்கு அனுப்பப்பட்டனவாயினும், சட்டத்தின் பொருள் மாணவர்களுக்குச் சாதகமாகவே நிலைத்தது. 2017-இல் பிரசுரகர்த்தர்கள் வழக்கை வாபஸ் பெற்றுக்கொண்டனர். இது பெரிய வெற்றியே. ஆனால் அது விலைக்கு வாங்கிய காகிதப் புத்தகத்தைப் பற்றிய வெற்றி. கடவுச்சொல்லின்பின் இருக்கும் சஞ்சிகையை எவர் படிக்கலாம், எத்தனை பக்கம் எடுக்கலாம், வேறு புத்தகசாலைக்கு அனுப்பலாமா என்பனவற்றையெல்லாம் ஒப்பந்தத்தின் ஷரத்துக்களே நிர்ணயிக்கின்றன. சாமி வரங்கொடுத்தாலும் பூசாரி இடங்கொடுக்க வேண்டுமல்லவா?

நம்மால் ஆகாத காரியமென்று எவரும் சொல்லிவிட முடியாது. காந்திநகரிலுள்ள இன்பிளிப்நெட் நிலையம் நடத்தும் ‘சோத்கங்கா’ என்னும் களஞ்சியத்தில் நமது சர்வகலாசாலைகளின் பி.எச்டி. ஆராய்ச்சி நூல்கள் லட்சக்கணக்கில் சேர்ந்திருக்கின்றன. எவரும் சந்தாவின்றிப் படிக்கலாம். அதே நிலையத்தார்தாம் புதிய சந்தாத் திட்டத்தையும் நடத்துகிறார்கள். சர்க்காரின் விஞ்ஞான இலாகாவும் உயிர்த் தொழில்நுட்ப இலாகாவும், தங்கள் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியின் கட்டுரைகளைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்க வேண்டுமென்று 2014-லேயே கொள்கை வகுத்தன. அமெரிக்க தேசீயச் சுகாதார ஸ்தாபனங்கள், 2025 ஜூலை முதல் அங்கீகரிக்கப்படும் கட்டுரைகள் பிரசுரமாகும் நாளிலேயே இலவசமாகக் கிடைக்க வேண்டுமென்று உத்தரவிட்டுவிட்டன.  உத்தரவு அவர்களுடையது முந்திவிட்டது.

ஆகையால் 2027-க்குப் பிந்திய ஒப்பந்தத்தில், பணம் கட்டிய வருஷங்களின் இதழ்கள் என்றும் நம்முடையனவாக இருக்கும் என்பதும், அவற்றின் பிரதி நமது தேசத்திலேயே ஓரிடத்தில் வைக்கப்படும் என்பதும், நமது ஆராய்ச்சியாளரின் கட்டுரைகள் எல்லோருக்கும் திறந்திருக்கும் என்பதும் சந்தேகத்துக்கிடமின்றி எழுதப்பட வேண்டும். இன்னொரு ஷரத்தும் உண்டு. உத்தியோகத்திலிருந்து விலகிய உபாத்தியாயர், ஜில்லாக் கோர்ட்டு வக்கீல், வியாதியஸ்தரின் மகன், பத்திரிகை எழுதுவோர் முதலிய வெளியாரும் சர்வகலாசாலைப் புத்தகசாலைக்கு நேரில் வந்தால் அங்குள்ள கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படிக்கலாமென்று மேல்நாட்டு ஒப்பந்தங்கள் பலவற்றில் இடமிருக்கிறது. அந்த ஷரத்தை இங்கும் எழுதி வாங்குவதோடு, அவர்கள் வந்தால் உட்காருவதற்கு நாற்காலியும், வழிகாட்டுவதற்கு ஒரு சிப்பந்தியும் ஒவ்வொரு சர்வகலாசாலையும் இப்பொழுதே ஏற்பாடு செய்ய வேண்டும்.