அடுப்புக் கல் ஏன் பிளந்தது?



மலருக்குக் கட்டுரை கேட்டதும் ரோபோ, ராக்கெட் என்று ஆளுக்கொரு தலைப்பு சொன்னார்கள். எனக்குப் பட்டுத் தெரிந்த விஷயம் அடுப்புதான். அதையே எழுதுகிறேன். சிரிக்காமல் படிக்கவும்!

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு விறகடுப்பு இருக்கிறது. அம்மா விடியற்காலை நாலு மணிக்கு அதைப் பற்றவைத்து, இட்லி அவித்து, தெருமுனையில் விற்கிறாங்க. வெளியே செங்கல் சுவர், உள்ளே ஃபயர் பிரிக், கீழே சாம்பல் விழுவதற்கு இரும்புக் கம்பித் தட்டு (கிரேட் என்போமே, அது), பின்னால் புகைக்குழாய். கட்டி ஏழு வருஷம் ஆச்சு. போன வருஷம் உள்கல் இரண்டு பிளந்து, ஒரு துண்டு கிரேட் மேலேயே விழுந்துவிட்டது. வெளிச்சுவரைத் தொட்டால் கை சுட்டது. விறகும் கூடுதலாகப் போச்சு. "மெக்கானிக்கல்தானே படிக்கிற, நீயே பாரேன்டா" என்றாங்க அம்மா.

பார்த்தேன். பழைய உள்கல் எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு, வீட்டில் கிடந்த சாதாரணச் செங்கல்லை சிமெண்ட்டும் மணலும் போட்டுக் கிண்ணென்று கட்டிவிட்டேன். மூணாவது வாரம் ஒரு பக்கம் முழுக்கப் பொலபொலவென்று கொட்டிவிட்டது. அன்றைக்கு இட்லி வியாபாரம் இல்லை. "படிச்ச புள்ள கட்டுன அடுப்பாச்சே!" என்று பக்கத்து வீட்டு அத்தை சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூணு கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டிக்கிட்டாங்க. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அப்புறம்தான் புத்தகத்தை எடுத்தேன். என் தப்பு ஒன்றல்ல, மூன்று.

செங்கல் முதல் தப்பு. சாதாரணச் செங்கல் 900, 1,000 டிகிரியில் சுட்டது. அதன் சிவப்பு, இரும்பு ஆக்ஸைடு தரும் நிறம். இரும்பு, சுண்ணாம்பு, கார உப்பு இவையெல்லாம் களிமண்ணைச் சீக்கிரம் இளக வைப்பவை. ஃபயர் பிரிக் செய்யும் மண்ணில் இவை குறைவு. அலுமினா 30 முதல் 40 சதவீதம், மீதி பெரும்பாலும் சிலிக்கா. 1,500 டிகிரி வரை அசையாது. விறகடுப்பின் உள்ளே இருப்பதோ 600 முதல் 900 டிகிரி. உண்மையைச் சொன்னால், சாதாரணச் செங்கல்லும் கொஞ்ச காலம் தாக்குப் பிடித்திருக்கும். என் காலை வாரியது சிமெண்ட்தான்.

இறுகிய சிமெண்ட்டுக்குள் தண்ணீர் வேதியியல் முறையில் கட்டுண்டு கிடக்கிறது. 400, 500 டிகிரியில் அதிலுள்ள கால்சியம் ஹைட்ராக்ஸைடு தண்ணீரை இழந்து சுட்ட சுண்ணாம்பாகிவிடும். அடுப்பு ஆறியதும் அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து உப்பும். கலவை உதிரும். போதாக்குறைக்கு மணல்! மணலிலுள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் திடீரென்று பருக்கும், ஆறும்போது சுருங்கும். தினமும் ஒரு தடவை இந்தக் கூத்து நடந்தால் எந்தச் சுவர் நிற்கும்?

மூன்றாவது தப்பு, பழைய அடுப்பிலேயே இருந்தது. முதலில் பிளந்த இரண்டு கல்லும் கிரேட் கம்பியின் இரண்டு முனைக்கும் நேர் எதிரே இருந்தவை. முதல் வருஷம் பிசிக்ஸில் படித்தோமே, நீளம் × விரிவு எண் × வெப்பநிலை உயர்வு என்று? பரீட்சை முடிந்ததும் மறந்துபோன அதே சூத்திரம். 300 மி.மீ. கம்பி 600 டிகிரி சூடேறினால் 300 × 0.000012 × 600, அதாவது 2 மி.மீ.க்குச் சற்று மேல் நீளும். ஃபயர் பிரிக்கின் விரிவு இதில் ஏறக்குறைய பாதிதான். கிரேட்டை இடைவெளியே விடாமல் இறுக்கி வைத்திருந்தார்கள். நானும் பழைய அளவு பார்த்து அப்படியே இறுக்கினேன்! நெருப்பு உடைக்காத கல்லைக் கம்பி இடித்து உடைத்திருக்கிறது.

மறுபடி கட்டும்போது 9 × 4½ × 3 அங்குல ஃபயர் பிரிக் வாங்கினேன். ஒரு கல் ஏறக்குறைய 4 கிலோ. இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 6 நடுத்தர வெப்பத்துக்கு, ஐ.எஸ். 8 அதிக வெப்பத்துக்கு. வீட்டு அடுப்புக்கு முதலாவதே தாராளம். கடையில் கையில் எடுத்தால் லேசாக இருக்கும் இன்சுலேஷன் கல்லைக் காட்டுவார்கள். அது சூட்டை நன்றாகத் தடுக்கும், ஆனால் மிருதுவானது. விறகுக் கட்டை இடித்தால் பொடியாகும். உள்முகத்துக்கு ஆகாது.

கலவைக்கு ஃபயர் கிளே பவுடர், தண்ணீர், அவ்வளவே. தோசை மாவு பதத்தில் கரைத்து, கல்லை அதில் தோய்த்து, அழுத்தித் தேய்த்து உட்கார வைக்க வேண்டும். இணைப்பு 2, 3 மி.மீ.க்கு மேல் வேண்டாம். இது பசை அல்ல, சந்து அடைப்பு மட்டுமே. கல் நிற்பது இணைப்பு மாற்றி அடுக்கும் அடுக்கில். கிரேட்டின் இரு முனையிலும் 3 மி.மீ. விட்டேன். உள்கல்லுக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே நோட்டு அட்டையைச் செருகினேன். அது எரிந்துபோனால் அந்த இடம் கல் விரிவதற்கு. கல்லை வெட்டும்போது தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்டவும், தூசியை வடிகட்டும் முகமூடி அவசியம். சிலிக்கா தூசி நுரையீரலை விடாது.

கட்டியதும் பற்றவைக்கக் கூடாது. இரண்டு நாள் காயவிட்டு, மூன்றாம் நாள் தென்னை ஈர்க்கால் அரை மணி நேரம், மறுநாள் சுள்ளியால் ஒரு மணி நேரம், அதன் பிறகே கட்டை. உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். மெல்ல வெளியேற வழி விடாவிட்டால் கல்லைப் பிளந்துகொண்டு போகும். அந்த நாலு நாளும் அம்மா மூணு கல் அடுப்போடுதான் இருந்தாங்க, தினம் ஒரு தடவை "இன்னுமாடா?" என்று கேட்டபடி.

இப்போது பத்து மாதம் ஆகிறது. மயிரிழை விரிசல் இரண்டு இருக்கிறது, அதற்குப் பயமில்லை. கல் ஆடினாலோ, பின்சுவர் தெரிந்தாலோதான் மாற்ற வேண்டும். தேங்காய் மட்டை அதிகம் எரிக்கும் பக்கம் மட்டும் கல் பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகிவருகிறது. சாம்பலிலுள்ள பொட்டாசியம் கல்லின் மேல்தோலை உருக்குகிற வேலை அது. அதற்காக இரண்டு கல் கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறேன்.

அம்மா முன்பெல்லாம் வேலை முடிந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை அடுப்புக்குள்ளேயே ஊற்றி அணைப்பாங்க. சூட்டுக் கல்லில் பச்சைத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று ஒரு உடைந்த துண்டைக் காய்ச்சி, நனைத்துக் காட்டினேன். இப்போது கொள்ளியை வெளியே இழுத்து மணலில் செருகிவிடுறாங்க.

– இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை